கதவு எண் பதினேழு

கடிதம் எண் 1
ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான், மனைவி, மகள் மூவரும் சுகமாக இருக்கிறோம்; என் இடது முழங்கால் மட்டும் இந்தப் பொது அறிக்கைக்கு உடன்படவில்லை. உன் இரத்த அழுத்தம் சென்ற கடிதத்தில் நீ எழுதிய அளவிலேயே நிற்கிறதா என்று அறிய விரும்புகிறேன். உன் கடிதங்களில் தேதி இருப்பதில்லை. ஆகவே அவை வந்து சேரும் நாளை நானே மேல் ஓரத்தில் குறித்துக் கோப்பில் வைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒரு செய்தி உண்டு. ஆவணக் காப்பகத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு என்னை வேறு பணிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே ஆற்றோரத்தில் உயரமான மதிலுடன் ஒரு தொழிற்பள்ளி இருக்கிறதல்லவா? பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை அது சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. திருட்டிலும் அடிதடியிலும் பிடிபட்ட பையன்களை நீதிமன்றம் அங்கேதான் அனுப்பியது. தொடங்கி நூறு ஆண்டுகள் நிறைவதையொட்டி அதன் வரலாற்றை நூலாக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். எழுதும் பொறுப்பு எனக்கு.

ஒப்புக்கொள்ளும்போது எனக்கு உற்சாகம் இல்லை. முதல் நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பதிவேடுகளைப் படித்தபின் அது மேலும் குறைந்தது. முதல் கண்காணிப்பாளர் பிரம்படிகளுக்கென்றே தனிப் பதிவேடு வைத்திருந்தார்: நாள், எண்ணிக்கை, காரணம். 'சிரித்தது' என்பது ஒரு காரணம். ஜன்னல் இல்லாத இருட்டறை ஒன்றும் இருந்திருக்கிறது. இரண்டாமவர் அந்தப் பதிவேட்டை நிறுத்தினார், பிரம்பை நிறுத்தவில்லை. மூன்றாமவரின் கட்டுகளை இனிமேல்தான் பிரிக்க வேண்டும்.

உன் கணவருக்கு என் விசாரிப்புகள். சாவிக் கடை நன்றாக நடக்கும் என நம்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

(பெற்ற நாள்: ஜனவரி 15)

தம்பிக்கு அக்கா எழுதறது.

பிரஷர் வச்ச இடத்துலேயே இருக்கு. மருந்துக் கவுண்டர்ல நின்னு ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் குடுக்கறவளுக்குத் தன் மாத்திரை மட்டும் மறந்து போகுது, அவ்வளவுதான். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறியா, இல்ல அதுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிட்டு பதிலுக்காக உட்கார்ந்திருக்கியா?

'உன் கணவருக்கு விசாரிப்புகள்.' இருபத்தேழு வருஷமா இதே வரி. 'அத்தான்'னு எழுதினா பேனா உடைஞ்சிடுமாடா? டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். நீ எழுதாம விட்டதைப் படிக்கத் தெரியாதா எனக்கு?

சாப்பிடும்போது உன் கடிதத்தைச் சத்தமா படிச்சேன். வழக்கமா ரெண்டாவது பாராவுலயே இவருக்குக் கொட்டாவி வந்துடும். இந்தத் தடவை 'மேல படி'ன்னார். படிச்சு முடிச்சதும் எழுந்து கடைக்குப் போயிட்டார், கை கூடச் சரியா துடைக்கல.

இவர் கூத்தைக் கேளு. நேத்து தண்ணி குடிக்கச் சமையலறைக்கு வரணும். கதவு திறந்துதான் கிடக்கு. நிலையில ரெண்டு தட்டு தட்டிட்டு நிக்கறார். 'நீங்க கட்டின வீடு இது, உள்ள வாங்க'ன்னேன். கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான். திருத்தவே முடியல.

அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாக் காலத்துலயும் அடிச்சாங்களா? நல்லா விசாரிச்சு எழுது. முழுசா படிக்காம எதையும் எழுதிடாதே.

அக்கா

*

கடிதம் எண் 2
ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் தேய்க்கிறேன். மாத்திரையை நீ மறக்காமலிருக்க ஒரு அட்டவணை தயாரித்து இணைத்திருக்கிறேன், சமையலறையில் ஒட்டிக்கொள்.

முழுதாகப் படிக்காமல் எழுத வேண்டாம் என்றாய். மூன்றாம் கண்காணிப்பாளரின் கட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா, முப்பது ஆண்டுகளுக்கு அருகில் காகிதங்களோடு வாழ்பவன் நான். இப்படி ஒரு மனிதரைக் காகிதத்தில் சந்தித்ததில்லை. பதிவேடுகளில் அவர் ஒரு பிழையைக்கூட அழிக்கவில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பமிட்டு நாள் குறித்திருக்கிறார். என் பிரிவில் இளையவர்களிடம் நான் தொண்டை வறள வலியுறுத்துவதும் இதைத்தானே!

எங்கும் கால் மணி முன்னதாகவே வந்து நிற்பாராம். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் 'கால்மணி'. அவர் வந்த முதல் வாரமே இருட்டறையின் சுவரை இடித்து இரண்டு ஜன்னல்கள் வைத்து, அதைப் பூட்டுப் பட்டறை ஆக்கினார். பூட்டை உடைத்ததற்காக வந்த பையன்களுக்குப் பூட்டுச் செய்யக் கற்றுக்கொடுப்பதா என்று மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் பதில் இரண்டே வரி: 'அவர்களுக்குப் பாதி தெரியும். மீதியையும் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்.'

தேர்வு முறையைக் கேள். பயிற்சி முடிக்கும் பையன் தன் கையால் ஒரு பூட்டுச் செய்ய வேண்டும். அதைத் தலைவாயிலில் ஒரு வாரம் மாட்டுவார்கள். மற்றப் பையன்கள் அத்தனை பேரும் அதைத் திறக்க முயலலாம்! திறந்தவன் ஓடக் கூடாது. கண்காணிப்பாளர் அறைக்கு வந்து எப்படித் திறந்தான் என்று விளக்க வேண்டும். பூட்டுச் செய்தவன் அந்தக் குறையைச் சரிசெய்து மீண்டும் மாட்டுவான். இருபத்தேழு ஆண்டுகளில் நூற்று எண்பத்தெட்டுப் பூட்டுகள். திறக்கப்பட்டவை நூற்று முப்பத்தொன்று. வாயில் திறந்தும் ஓடாமல் அறைக்கு வந்து விளக்கியவர்கள் நூற்று இருபத்தேழு பேர். ஓடிய நால்வரில் மூவர் தாமாகவே திரும்பினர். நான்காமவன் பூட்டை மட்டும் தபாலில் அனுப்பினான். கூடவே ஒரு சீட்டு: 'ஸ்பிரிங் வலு போதாது.'

மீதியில் ஒன்றிடம் கண்காணிப்பாளரே உட்கார்ந்து பார்த்துத் தோற்றார் என்று குறிப்பு இருக்கிறது. அது முப்பத்தெட்டு ஆண்டுகளாக அதே வாயிலில் இன்னும் தொங்குகிறது. அடியில் 417 என்று பொறித்திருக்கிறது. அந்தப் பையனின் பதிவு எண். ஒரே குறை, கடினமாகத் திறக்கிறது. காவலர் இரு கையாலும் முறுக்குகிறார். "இது பூட்டு இல்லை சார், மாமியார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கெஞ்சணும்" என்கிறார்.

உன் கணவருக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
தம்பி

*

(பெற்ற நாள்: பிப்ரவரி 2)

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். அட்டவணையை ஒட்டிட்டேன். அதுல 'குறிப்பு: விடுமுறை நாட்களுக்கும் பொருந்தும்'னு எழுதியிருக்க பாரு, உன் பொண்டாட்டிக்குக் கோயில் கட்டணும்.

இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். மாமியார்னு அந்தக் காவலர் சொன்னதுக்கு நான் சிரிச்சேன். இவர் சிரிக்கல. தட்டைத் தள்ளி வச்சிட்டு, 'முறுக்கியா திறக்கறாங்க? முறுக்கியா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். யாரோ குழந்தையைக் காதைத் திருகின மாதிரி முகம்.

அப்புறம் இதை எழுதச் சொன்னார், அப்படியே எழுதறேன். எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் விட்டா உள்ள தூசி ஒட்டிக்கும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளை உள்ள ஊதணும். சாவியை முழுக்க விட்டதும் திருப்பக் கூடாது. நெல் அளவு பின்னால இழுத்துக்கிட்டு, முதல்ல இடது பக்கம் கொஞ்சம், 'டிக்'னு கேட்டதும் வலது பக்கம். ஒரு விரல் போதுமாம்.

போதுமா? இனிமே அந்த மாமியாரைக் கொடுமைப்படுத்த வேண்டாம்னு காவலர்கிட்ட சொல்லு.

ஒண்ணு கேக்கணும். புத்தகத்துல அந்தப் பசங்க பேரெல்லாம் வருமா? சும்மாதான் கேக்கறேன்.

அக்கா

*

கடிதம் எண் 3
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் தேவலை. மகளுக்கு வந்த சளியும் இறங்கிவிட்டது. நீ மாத்திரை சாப்பிட்ட நாட்களை அட்டவணையில் குறிக்கிறாயா?

உன் கணவர் சொன்ன முறைப்படியே செய்தோம். பென்சில் தூள், நெல் அளவு, இடது, வலது. ஒரே விரலில் திறந்தது! காவலர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "இத்தனை நாள் நான் இதோட மல்லுக்கட்டினதை யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க சார்" என்றார். பார்க்காத பூட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது வியப்புதான். அந்தக் காலத்துப் பூட்டுகள் எல்லாம் இதே அமைப்பில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

கால்மணியாரின் சுற்றறிக்கைகளைக் கண்டெடுத்துவிட்டேன். இரண்டை உனக்காகப் படியெடுக்கிறேன்.

சுற்றறிக்கை 4: 'பையன்கள் உறங்கும் அறைக்குள் பெரியவர் எவரும் இருமுறை தட்டி, பதில் வந்த பிறகே நுழைய வேண்டும். இவ்விதி எனக்கும் பொருந்தும்.'

சுற்றறிக்கை 9: 'பையனை எண் சொல்லி அழைக்கக் கூடாது. எண் பதிவேட்டினுடையது; பெயர் பையனுடையது. வெளியேறும்போது அதை அவன் தன்னுடன் எடுத்துச் செல்கிறான்.'

இதைவிடச் சுருக்கமாக ஒரு நிறுவனத்தின் மனச்சாட்சியை எழுத முடியுமா?

பெயர்கள் பற்றிக் கேட்டிருந்தாய். வரும். நான் முன்மொழிந்து, குழு ஏற்றுக்கொண்டது. பிற்சேர்க்கை மூன்றில், சீர்திருத்தப் பள்ளியாக இருந்த எண்பத்தைந்து ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த 563 பையன்களின் பெயரும், சேர்ந்த நாளும், சேர்ந்த காரணமும், கற்ற தொழிலும் முழுமையாக அச்சாகும். எந்த நிறுவனமும் தன் பையன்களை இவ்வளவு மதித்து வரிசைப்படுத்தியதில்லை. அந்தப் பட்டியலே இந்த நூலின் பெருமையாக இருக்கும்.

உன் கணவருக்கு என் விசாரிப்புகளுடன் நன்றியும்.

அன்புடன்,
தம்பி

*

(பெற்ற நாள்: மார்ச் 24)

தம்பிக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்லை. ஆறு வாரமா எழுதலைன்னு நீ கணக்கு வச்சிருப்ப. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் வேணாம்டா.

அந்தப் பசங்க இப்ப அறுபது வயசு, ஐம்பது வயசு ஆளுங்களா எங்கெங்கயோ இருப்பாங்க. பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கும். கடை கண்ணி இருக்கும். அவங்களை நம்பித்தான் நாலு பேர் வர்றாங்க. இங்க இவரையே எடுத்துக்கோ. சாவி தொலைஞ்சா, குழந்தை உள்ள மாட்டிக்கிட்டா, ஊர்ல பாதி வீட்டுக்கு இவரைத்தான் கூப்பிடறாங்க. கதவைத் திறந்து விட்டுட்டு வாசல்லயே நின்னுடுவார், உள்ள கால் வைக்க மாட்டார். பூட்டுக்காரன்னா அப்படி நம்பணும். ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அந்தப் பட்டியல்ல இருக்கிறவங்க எத்தனை பேர் இந்தத் தொழில் செய்வாங்க? பதினோரு வயசுல செஞ்சதை ஐம்பத்தஞ்சு வயசுல அச்சுல போட்டா, அப்புறம் யார் கதவைத் திறக்கக் கூப்பிடுவாங்க?

நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செய்யற. எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு.

அக்கா

*

கடிதம் எண் 4
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடல்நலம் பற்றி நீ எழுதிய ஒரே வரி எனக்குப் போதவில்லை; அடுத்த கடிதத்தில் அளவுகளைக் குறிப்பிடு.

உன் கருத்தை இருமுறை படித்தேன். அதில் இரக்கம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆயினும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவதாக, அந்தப் பதிவேடுகள் சட்டப்படி பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டவை. இரண்டாவதாக, பிரம்படிப் பதிவேட்டை வெளியிட்டுவிட்டு நல்லவற்றை மறைத்தால் வரலாறு கோணலாகும். மூன்றாவதாக, மறைக்க வேண்டியது என்று நாமே முடிவு செய்வதுதான் அந்தப் பையன்களுக்கு அவமதிப்பு. யாரோ முகம் தெரியாதவர்களுக்காக நீ இவ்வளவு கலங்குவது ஏன் என்றும் விளங்கவில்லை.

பட்டியல் மே மாத இறுதியில் அச்சுக்குச் செல்கிறது. நான் இப்போது எண் 380 வரை சரிபார்த்திருக்கிறேன். நாள் ஒன்றுக்கு மூன்று என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கணவருக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
தம்பி

*

கடிதம் எண் 5
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஏழு வாரங்களாகக் கடிதம் இல்லை. இம்முறை காரணம் கேட்க எனக்கு உரிமையில்லை. நீ நலமாக இருந்தால் போதும்.

சென்ற மாதம் பதினோராம் நாள் எண் 417-இன் பக்கத்தைத் திறந்தேன். அதில் உள்ள பெயரை இங்கே எழுதவில்லை. அதற்குள் ஒரு தாளின் படி இருந்தது. தொழில் முடித்து வெளியேறும் பையன்களுக்குக் கால்மணியார் வழங்கிய சான்றிதழ். அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை. பையனின் பெயர், கற்ற தொழில், தேர்ச்சி, கையொப்பம். மேலே 'கதவு எண் 17' என்பதும் தெருவின் பெயரும் மட்டும். சீர்திருத்தப் பள்ளி என்று போட்டால் யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதற்காக அவர் மேலிடத்துடன் இரண்டு ஆண்டுகள் வாதாடிப் பெற்ற சலுகை அது. பின்னாளில் தெருக்களுக்குப் புது எண் கொடுத்தபோது அந்தப் பதினேழு மறைந்துவிட்டது. இப்போது அதன் எண் 40.

அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அக்கா. அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் கல்யாணப் பேச்சு வந்தபோது, 'நீதான் காகிதம் படிச்சவன், இதைப் பாரு' என்று அப்பா என்னிடம் கொடுத்தார். நான் சிவப்பு மையில் எழுதினேன்: 'வழங்கிய நிறுவனத்தின் பெயர் இல்லை. சரிபார்க்க இயலவில்லை.' சுருக்கொப்பமும் இட்டேன். அதை அப்பா உரக்கப் படித்தார். நீ எழுந்து உள்ளே போனாய். மறுமாதம் பதிவு அலுவலகத்தில் நீங்கள் இருவரும் திருமணம் செய்துகொண்டபோது நம் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

கால்மணியாருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எழுதிய ஒரு பக்கத்தைப் படியெடுக்கிறேன். நாளைச் சொல்ல வேண்டியதில்லை; உனக்குத் தெரியும்.

'இன்று 417-இன் திருமணத்துக்குச் சாட்சியாகச் சென்றேன். பெண் வீட்டார் வரவில்லை. பெண்ணின் தம்பி சான்றிதழைப் பார்த்து, நிறுவனத்தின் பெயர் இல்லை என்று குறிப்பெழுதியிருக்கிறார். அந்த இளைஞர் மீது வருத்தமில்லை. தாளைத் தாளாகப் பார்க்கத்தான் அவருக்குப் பயிற்சி. தாள் என்னுடையது. பெயர் இருந்தால் வேலை கிடைக்காது என்று எடுத்தேன். பெயர் இல்லாததால் ஒரு வீடு கிடைக்கவில்லை. இரண்டு கதவையும் திறக்கும் சான்றிதழை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பெண் என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். கால் மணி முன்னதாகவே வந்திருந்தாள். நல்ல பெண்.'

அந்த வாயில் அன்றைக்கு என் அலுவலகத்திலிருந்து இருபது நிமிட நடை. சரிபார்க்க இயலவில்லை என்று எழுதியவன் நடந்து போய்ப் பார்க்கவில்லை. பணிக்காலம் முழுவதும் உண்மையல்லாத ஒரு குறிப்பை எழுதியதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். என் முதல் குறிப்பே அப்படிப்பட்டது.

உன் கடிதங்களைக் கோப்பிலிருந்து எடுத்து வரிசையாகப் படித்தேன். எல்லாம் அவற்றில் இருக்கிறது. நான் வந்த நாளை மட்டும் குறித்துவைத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை மூன்று நீக்கப்பட்டது. சுற்றறிக்கை 9-ஐப் படித்துவிட்டு அதைப் பெருமையாக உனக்கும் எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதை மீறியிருக்கிறேன். குழுவில் அந்தச் சுற்றறிக்கையை வாசித்தேன். தலைவர், "ஏங்க, நீங்களே எழுதிக் கொடுத்து, நீங்களே எழுதித் திருப்பி வாங்குறீங்களே, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிழை என்னுடையது, திருத்தமும் என்னுடையதாக இருக்கட்டும் என்றேன். காரணம் கேட்டார்கள். சுற்றறிக்கை போதும் என்றேன். நூலில் எண்கள் மட்டுமே வரும்.

அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

தம்பி

*

(பெற்ற நாள்: மே 27)

மச்சானுக்கு,

உங்க அக்கா நல்லா இருக்கா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறா, நான் எண்ணிப் பார்க்கிறேன். உங்க கடிதத்தை எனக்கும் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. மறுநாள் என்னை எழுதச் சொன்னா. எனக்கு எழுத வராது. தப்பிருந்தா அடிச்சுத் திருத்திக்குங்க.

கடைப் பூட்டைத் திறந்து பார்த்தேன், ஒண்ணும் எடுக்கலைன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். ஆனா எடுத்தேன். ஒரு டார்ச் லைட், அதுக்கு ஒரு டஜன் பேட்டரி. அப்ப எனக்குப் பதினொண்ணு. உங்க அக்காகிட்ட பழகின முதல் வாரமே இதைச் சொல்லிட்டேன். 'பேட்டரி எதுக்கு ஒரு டஜன்?'னுதான் கேட்டா.

உங்க அப்பாகிட்டயும் சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க எழுதினதை அவர் படிச்சதும் எழுந்து கிளம்பி வந்துட்டேன். அதுக்கு உங்க மேல கோவம் வச்சது உண்டு. ரெண்டு மூணு வருஷம். அப்புறம் கடையில வேலை அதிகமாயிடுச்சு.

அந்தப் பூட்டுக்கு இடது பக்கம் ஒரு போலிச் சத்தம் வச்சேன். திறக்கப் பார்க்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்துடுவான். கால்மணி ஐயாவே ஏமாந்தார். ஒரு வாரம் கழிச்சு என் அறைக் கதவைத் தட்டினார். ரெண்டு தட்டு. 'வாங்க'ன்னேன். உள்ள வந்து, 'தோத்துட்டேன்பா, சொல்லிக் குடு'ன்னு கட்டில்ல என் பக்கத்துல உட்கார்ந்தார். அதுவரைக்கும் என்கிட்ட யாரும் எதையும் சொல்லிக் குடுன்னு கேட்டதில்லை.

அவரைப் பத்தி நல்லா எழுதுங்க. என்னைப் பத்தி எழுதாம விட்டதுக்கு நன்றி.

தாள் இருக்கு. இதோட வச்சிருக்கேன்.

உங்க அக்கா வீட்டுக்காரர்

*

கடிதம் எண் 6
ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

தாங்களும் அக்காவும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. இங்கு அனைவரும் நலம்.

தங்கள் கடிதத்தில் திருத்த வேண்டிய பிழை ஏதும் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

தாள் பத்திரமாக வந்தது. நான் எழுதியதை அழிப்பது எங்கள் விதிகளின்படி தவறு. கால்மணியாரின் வழக்கப்படியும் தவறு. எனவே என் சிவப்பு வரியைப் படிக்கத்தக்கவாறு ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். அதன் கீழே இவ்வாறு எழுதியிருக்கிறேன்: 'நடந்து போய்ப் பார்த்தேன். கதவு இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. சான்றிதழ் சரி.' சுருக்கொப்பமும் இன்றைய நாளும் இட்டிருக்கிறேன். இருபத்தேழு ஆண்டுகள் காலந்தாழ்ந்த திருத்தம் இது. காலம் கடந்தால் திருத்தக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். நூல் வெளியீடு ஜூலை 13, காலை பத்து மணி. 417-ஆம் பூட்டின் போலிச் சத்தம் இப்போது சற்று மங்கிவிட்டதாகக் காவலர் சொல்கிறார். அதைத் தொட இங்கே யாருக்கும் துணிவில்லை. தாங்கள் வந்து பார்க்க வேண்டும். வாயில் பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற பத்தியில் 'பூட்டுப் பழுது பார்க்க' என்று நானே எழுதுவேன். அது உண்மையும்கூட. அதற்குமேல் யாரும் எதையும் அறிய வேண்டியதில்லை.

அக்காவும் வர வேண்டும். நம் வீட்டில்தான் தங்க வேண்டும். அறை தயாராக இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டே நுழைவோம்.

அன்புடன்,
மச்சான்

*

(பெற்ற நாள்: ஜூன் 25)

ஜூன் 16
(தேதி போட்டிருக்கேன், பார்த்துக்கோ. அப்படியும் மேல நீ ஒரு தேதி எழுதுவ.)

தம்பிக்கு,

ரெண்டு பேரும் சுகம். பிரஷர் நூத்து முப்பதுக்கு எண்பது. அளவு கேட்டியே, அதான்.

உன் கடிதத்தை நான் படிக்கல. 'அத்தானுக்கு'ன்னு உறை மேல இருந்ததும் இவரே வாங்கிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டார். மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன். கடை வாசல்ல நின்னு நானே ரெண்டு தட்டு தட்டினேன், என்னன்னு தெரியல, தட்டணும்னு தோணுச்சு. நிமிர்ந்து பார்த்துட்டு 'வா'ன்னார். கண்ணு சிவந்திருந்தது. உலோகத் தூள்னார். சாவி ராவற மெஷின் ஓடாம நின்னுக்கிட்டிருந்தது.

வர்றோம். பத்து மணின்னு போட்டிருக்கியாம், இவர் சொன்னார். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வாசல்ல நிப்போம், காவலர்கிட்ட சொல்லி வை. கருவிப் பையை இப்பவே துடைச்சு வச்சாச்சு. நாலு பென்சில் புதுசா வாங்கியிருக்கார்.

அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுக் கடையில மாட்டிட்டார், சாவி வரிசைக்கு மேல, வர்றவங்க கண்ணுல படற மாதிரி. எனக்குத் திக்குன்னு ஆச்சு. அப்புறம் பார்த்தா என்ன இருக்கு அதுல? ஒரு கதவு எண், ஒரு தெரு. அந்த மனுஷன் நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார்.

நேத்து ஒருத்தர் பீரோ சாவி தொலைச்சிட்டு வந்தார். சாவி ரெடியாகற வரைக்கும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னார். 'என்னங்க இது, சர்டிபிகேட்ல யாரோ சிவப்புல எழுதி அடிச்சு, கீழ வேற என்னமோ எழுதியிருக்கு. புதுசா ஒண்ணு வாங்கி மாட்டக் கூடாதா?'ன்னார்.

இவர் சாவியை ராவிக்கிட்டே இருந்தார், தலையைத் தூக்கல.

'அது என் மச்சான் கையெழுத்துங்க'ன்னார். 'ரெண்டுமே.'

அக்கா